மூடிய அலுவலகத்தின் பழைய கணினிகள்: இரும்புக் கடைக்குப் போடாமல் என்ன செய்யலாம்?

பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா நடத்திவந்த ஆடிட்டர் அலுவலகத்தை மூடிவிட்டார், வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. அங்கிருந்த கணினிகளை நீயே எடுத்துக்கோ, இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் கிலோ கணக்கில்தான் எடுப்பேன் என்கிறார்.

இருப்பது இவ்வளவு: கோர் 2 டுவோ நான்கு (ஜி31 போர்டு, 2 ஜிபி ராம்), இரண்டாம் தலைமுறை ஐ3 மூன்று (4 ஜிபி), சிஆர்டி (பழைய கனமான குழாய்) மானிட்டரோடு பென்டியம் 4 இரண்டு. இது போக, தங்கை பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஐ3 மூன்றிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது. மற்றதில் 7, எக்ஸ்பி.

ஊரில் பையன்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகம் ஒன்று உண்டு. பகலில் டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருவார்கள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள். இணையம் என்றால் யாராவது ஒருவருடைய போன் ஹாட்ஸ்பாட்தான். இந்தக் கணினிகளை அங்கே வைத்தால் உபயோகமாக இருக்கும் என்று ஆசை. கையில் பெரிய பணம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கட்டளைவரி

முதலில் ஒரு விஷயம், ஐ3 மூன்றையும் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள், இன்றைக்கும் நன்றாக ஓடக்கூடியவை. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், அதனால் உங்கள் ஐ3க்கு அந்த வழி அடைபட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நாடு முழுக்க அலுவலகங்கள் இப்போது பெட்டிகளை வெளியே தள்ளுவதற்கு இதுதான் காரணம், பெட்டி கெட்டுப்போய்த் தள்ளவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். ஐ3க்கு 8 ஜிபி ராமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் (சுழலாத புது வகை டிஸ்க்) இருந்தால் ஆளே மாறிவிடும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள், பழைய கணினி மெதுவாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். டிடிஆர்3 ராம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், சென்னை வருகிறவர் யாரிடமாவது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கோர் 2 டுவோவும் 64 பிட்தான், அதனால் இன்றைய லினக்ஸ்கள் அதில் ஏறும். ஜி31 போர்டு 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, நாலும் போட்டுவிடுங்கள். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, இயங்குதளம் எவ்வளவு லேசாக இருந்தாலும் பிரவுசர் லேசாகாது. பத்து டேப் திறந்தால் எந்த லினக்ஸாலும் காப்பாற்ற முடியாது. யூடியூபிலும் ஒரு சிக்கல் உண்டு, அது அனுப்பும் புது வகை வீடியோக்களை (விபி9, ஏவி1) பிரித்துக் காட்டும் வசதி அந்தக் காலத்துச் சிப்புகளில் கிடையாது, எல்லாச் சுமையும் பிராசசர் தலையில் விழும். எச்.264 வகையை மட்டும் கேட்டு வாங்கும் ஒரு சின்ன நீட்சியைப் பிரவுசரில் போட்டு 480பி-இல் வைத்தால் பாடம் பார்க்கலாம்.

பென்டியம் 4 இரண்டையும் பற்றி என் கருத்து: வேண்டாம். அது 32 பிட் காலத்துப் பெட்டி, டெபியன் என்கிற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கான நிறுவியே கிடையாது, குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் மாதிரி ஒன்றிரண்டு பேர் இன்னும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அது குடிக்கும் மின்சாரத்துக்கு அது செய்யும் வேலை ஈடாகாது.

பழையபெட்டி

ஆசையைக் குறைக்க எழுதவில்லை, ஆனால் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும். பழைய கணினியை நன்கொடை என்று வாங்கி, ஆறே மாதத்தில் துணி போட்டு மூடிவைத்த அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவருக்கு இடம் காலியாகும், வாங்கியவருக்கு இடம் அடையும். ஒரு பெரிய நிறுவனம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு லாரியில் கொண்டுவந்து இறக்கியது, போட்டோ எடுத்தது, போய்விட்டது. கீபோர்டு எதுவும் கூட வரவில்லை.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். கோர் 2 டுவோ பெட்டி, எல்சிடி மானிட்டர் சேர்த்து 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கணினி, நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 1.35 யூனிட். ஞாயிறு விட்டு இரண்டு மாதத்துக்குச் சுமார் 70 யூனிட். வீட்டு இணைப்புக்கு 2016-இல் வந்த 100 யூனிட் இலவசம் படிப்பகத்துக்குப் பொருந்துமா என்று முதலில் அட்டையை எடுத்துப் பாருங்கள். பென்டியம் 4 சும்மா இருக்கும்போதே இதைவிட அதிகம் இழுக்கும், சிஆர்டி தனியாக ஒரு 60, 70 வாட்.

என் யோசனை: ஐ3 மூன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை முறையாக அப்புறப்படுத்துங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதையும் காப்பாற்ற முடியாது.

ஈயப்பற்று

மதுரையில் சர்வீஸ் செய்கிறேன். மென்பொருள் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள் தம்பி.

போர்டில் பிராசசரைச் சுற்றிச் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டு இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு நடுவில் அணையும். ஒன்றிரண்டுதான் என்றால் மாற்றலாம், எல்லாமே உப்பியிருந்தால் அதை உதிரிப் பாகத்துக்கு ஒதுக்குங்கள். ஃபேனில் தூசி அடைத்திருக்கும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் போகும். பிராசசர் மேலுள்ள பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். ராமை உருவி அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுங்கள். டிஸ்ப்ளே வரவில்லை என்று என்னிடம் வருவதில் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து சிமாஸ் பேட்டரி, சிஆர்2032, வட்டமாக நாணயம் போல இருக்கும். எல்லாக் கணினியிலும் மாற்றிவிடுங்கள், விலை ரொம்பக் குறைவு. மாற்றாவிட்டால் கரண்ட் எடுத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் எந்த இணையதளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் கத்தும், ஏனென்றால் அந்தத் தளத்தின் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை. நெட் வேலை செய்யவில்லை, வைரஸ் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், பார்த்தால் பேட்டரிதான்.

சிஆர்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி நாளாகியிருந்தாலும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயமும் இருக்கிறது, உடைத்துச் செம்புக் கம்பியை எடுக்கிறவர்கள் கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தொடும் இடம், இரும்புக் கேபினெட்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஈயப்பற்று அண்ணா, நீங்கள் சொன்னபடி திறந்து பார்த்தேன். கோர் 2 டுவோ ஒன்றில் கெப்பாசிட்டர் வரிசையாக உப்பியிருக்கிறது. மற்ற மூன்றும் சுத்தம். ஐ3 மூன்றும் நன்றாக இருக்கின்றன. பென்டியம் 4 ஒன்று ஓடுகிறது, எக்ஸ்பி வருகிறது. இன்னொன்று பீப் அடிக்கிறது, ரப்பர் போட்டும் வரவில்லை.

அச்சுக்கூடம்

ஓடுகிற அந்த எக்ஸ்பி கணினியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நாகர்கோவிலில் அச்சகம் வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் பென்டியம் 4 ஒன்று இன்றைக்கும் மேசையில் இருக்கிறது, தினமும் போடுவதில்லை, ஆனால் அது இல்லாமல் எங்களால் முடியாது.

காரணம் தமிழ். 2000-க்கு முன்னும் பின்னும் தமிழில் அச்சான கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர், சிறு பதிப்பகங்களின் புத்தகம் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு, அதாவது இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, தெரியாது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் ஒரு எழுத்துரு செய்தது, ஒன்றின் வரிசை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒரு குப்பைதான் தெரியும். சில எழுத்துரு மென்பொருளுக்கு ஹார்டுவேர் லாக் வேறு உண்டு, பிரிண்டர் சொருகும் அந்த அகலமான பேரலல் போர்ட்டில் மாட்டினால்தான் ஓடும். இன்றைய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது. அதன் வாரிசான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகளில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு பெரியவர் வந்து, என் அப்பா எழுதிய தலபுராணம் உங்கள் கடையில் அடித்தது, மறுபதிப்பு போடணும் என்று கேட்கும்போது, சிடியை அந்தப் பழைய கணினியில் போட்டுத் திறந்து, எழுத்தை வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றியில் கொடுத்து யூனிகோடாக மாற்றுகிறோம். முழுப் புத்தகத்தையும் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். அந்தக் கணினியில் ஃபிளாப்பி டிரைவும் வேலை செய்கிறது. அதை நெட்டில் மாட்டவே மாட்டோம், எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரலில். கோப்பை எடுக்கப் பென்டிரைவ், அந்தப் பென்டிரைவை லினக்ஸ் கணினியில் சோதித்த பிறகுதான் மற்றதில் போடுவோம்.

உங்கள் ஊரில் எத்தனை பேரிடம் இந்த மாதிரி சிடியும் ஃபிளாப்பியும் பரண்மேல் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிடைக்கிறவரை யூனிகோடுக்கு மாற்றிக்கொடுக்க ஒரு கணினி இருந்தால் அது பெரிய உதவி. மாற்றி முடித்தபின் வேண்டுமானால் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. பேரலல் போர்ட் உள்ள கணினியை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருக்கும் ரைஸ்மில்காரர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தேடிக்கொண்டிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

பழையபெட்டி

அச்சுக்கூடம் சொன்னதை ஏற்கிறேன். நான் பென்டியம் 4-ஐ வெறும் வேகத்தை வைத்து எடை போட்டேன். இது வேறு எந்தக் கணினியாலும் செய்ய முடியாத வேலை, எப்போதாவது போடுகிற கணினிக்குக் கரண்ட் ஒரு பிரச்சினையும் இல்லை.

டீச்சர்_திண்டுக்கல்

அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கணினியில் உட்கார்ந்து பழகும் வாய்ப்பு குறைவு. அவர்கள் போனை விரலால் தள்ளத் தெரிந்தவர்கள், மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும். ஒரு கோப்பைச் சேமிப்பது, அதை மறுபடி தேடி எடுப்பது என்றாலே என்னவென்று தெரியாது. பிறகு மேல் வகுப்பில் லேபுக்குள் போய் முதல்முறை பார்க்கும்போது ஆசிரியர் சொல்வதும் புரியாது, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கவும் கூச்சம்.

என் அனுபவத்தில், "கணினி இருக்கிறது, என்ன செய்யலாம்" என்று தொடங்கினால் நிலைக்காது. "செவ்வாய், வியாழன் ஐந்து மணிக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள், இன்னார் கூட இருப்பார்" என்று முடிவான பிறகு அதற்கு எத்தனை கணினி வேண்டுமோ அத்தனை வையுங்கள். ஆள் முதலில், நேரம் அடுத்து, பெட்டி கடைசியில். பழையபெட்டி சார் பார்த்த துணி மூடிய அறைகளில் கணினி கெட்டதைவிட ஆள் இல்லாமல் போனதுதான் அதிகமாக இருந்திருக்கும்.

நெட் இல்லாமலே நிறையச் செய்யலாம். ஜிகாம்பிரிஸ் போடுங்கள், மவுஸ் பழகுவதிலிருந்து கணக்குவரை நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் அதில் உண்டு. படம் வரைய டக்ஸ் பெயின்ட் கொடுத்தால் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இரண்டுக்கும் கோர் 2 டுவோ தாராளம். கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் படிக்கலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, விக்சனரியையும் சேர்த்து இறக்குங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் தன் ஊர்ப் பெயரைத் தேடிக் கட்டுரையைக் கண்டுபிடித்த அன்றைக்கு மொத்த வகுப்பும் தங்கள் ஊரைத் தேடியது.

தமிழ்99 விசைப்பலகையை முதல் நாளே பழக்குங்கள். ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கும் முறைக்குப் போனால் பிறகு மாற்ற வராது.

கட்டளைவரி

டீச்சர் சொன்ன "ஆள் முதலில்" என்பதற்குத் தொழில்நுட்பமும் கொஞ்சம் கை கொடுக்கும். ஆறு கணினியை ஆறு தடவை பராமரிக்க வேண்டியதில்லை.

எல்டிஎஸ்பி என்று ஒன்று இருக்கிறது, லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், 1999 முதல் இருக்கிறது, 2019-இல் முழுக்கத் திருப்பி எழுதினார்கள். ஐ3-இல் ஒன்றை சர்வராக்கி அதற்கு மட்டும் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போடுங்கள். மற்றக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிவிடலாம். பயாஸில் லேன் பூட்டை இயக்கினால் அவை நெட்வொர்க் வழியாக சர்வரிலிருந்து எழுந்திருக்கும். நிரல்கள் அந்தந்தக் கணினியின் பிராசசரிலும் ராமிலும்தான் ஓடும், அதனால் கோர் 2 டுவோவுக்கு 4 ஜிபி ராம் அவசியம், ஆனால் எஸ்எஸ்டி வாங்கும் செலவு ஆறிலிருந்து ஒன்றாகிவிட்டது. புதிய மென்பொருள் வேண்டுமா, சர்வரில் ஒரு தடவை போட்டால் போதும். பிள்ளை எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவள் வரைந்த படம் அங்கேயே இருக்கும். எதையாவது அழித்துவிட்டாலும் அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும். ஒரு சின்ன ஸ்விட்ச், நல்ல லேன் கேபிள், அவ்வளவுதான். கூடவே எபாப்டீஸ் போட்டால் டீச்சர் தன் திரையை எல்லோருக்கும் காட்டலாம், எல்லாக் கணினியையும் ஒரே சொடுக்கில் அணைக்கலாம்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள், ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கி இன்றைய கைட் வரை அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான், மலையாளத்திலேயே. பிள்ளைகளுக்கு லினக்ஸ் கஷ்டம் என்று யாராவது சொன்னால் செங்கோட்டையைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களுக்கு ஒரு ஃபோல்டர்: சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசே பிடிஎஃப்பாகக் கொடுக்கிறது, பழைய வினாத்தாள்களும் தேர்வாணையத் தளத்திலேயே உண்டு. ஒரு தடவை இறக்கி சர்வரில் வைத்துவிட்டால் ஆளாளுக்கு டேட்டா செலவழிக்க வேண்டாம்.

பழையபெட்டி

> ஆறிலிருந்து ஒன்றாகிவிட்டது

சர்வர் படுத்தால் ஆறும் படுக்குமே?

கட்டளைவரி

படுக்கும். அதனால்தான் ஐ3 மூன்றில் இரண்டாவதை அதே மாதிரி தயார் செய்து ஓரமாக வைக்கச் சொல்வேன். சர்வரின் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிய டிஸ்க்குகள்தான் நிறைய இருக்குமே. சர்வருக்கு மட்டும் ஒரு யுபிஎஸ்.

இன்னொரு விஷயம், சிஓஏ (அலுவலகக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ்) தேர்வுக்குப் படிக்கிறவர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸ் போதாது, அவர்கள் பழக வேண்டியது மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ். சித்தப்பாவின் அலுவலகத்தில் உரிமத்தோடு வாங்கிய ஆஃபீஸ் இருந்தால் மூன்றாவது ஐ3-இல் அதை அப்படியே விட்டுவிடுங்கள், நெட் மாட்டாமல்.

யாழ்வாசி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அச்சுக்கூடம் அண்ணை எழுதினதை வாசிக்க எங்கட நிலைமையே மாதிரி இருக்கு. இங்கே எல்லாம் பாமினி எழுத்துரு. 90களில் வந்த சஞ்சிகைகள், கோயில் மலர்கள், புலம்பெயர்ந்த நாடுகளில் அச்சான பத்திரிகைகள் எல்லாம் பாமினியில்தான் கிடக்கின்றன. அந்தக் கோப்புகள் ஒவ்வொருவருடைய வீட்டிலும் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், ஆள் இறந்தபின் பிள்ளைகள் கணினியோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள்.

நாங்கள் ஒரு பழைய கணினியை ஸ்கான் பண்ணுவதற்கென்றே வைத்திருக்கிறோம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: கேனோஸ்கேன் லைட் 20, 30 மாதிரியான பழைய ஸ்கானர்களுக்கு 64 பிட் விண்டோஸில் டிரைவர் இல்லை, அதனால் பழுது என்று நினைத்து மூலையில் போட்டுவிடுவார்கள். லினக்ஸில் சேன் என்கிற மென்பொருளோடு அதே ஸ்கானர் வடிவாக வேலை செய்யும். இரண்டு கழிவுப் பொருள் சேர்ந்து ஒரு முழு ஸ்கானிங் இடம் ஆகிவிடுகிறது. பகலில் பக்கம் பக்கமாக ஸ்கான், இரவில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனால் காலையில் எழுத்து வடிவில் கிடைக்கும். பிழை இருக்கும், திருத்த வேண்டும், ஆனாலும் தேடக்கூடியதாக இருக்கும். மெதுவான கணினி என்பது இரவு வேலைக்கு ஒரு குறையே இல்லை.

நூலகம் நிறுவனத்தினர் 2005-இலிருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சின்ன வேலை என்று என்னால் நினைக்க முடியாது. ஒரு ஊரின் வாசிகசாலைக்கு வந்த மலர், சங்கத்தின் அறிக்கை, பள்ளிக்கூட சஞ்சிகை, இதையெல்லாம் வெளியிலிருந்து யாரும் வந்து சேகரிக்க மாட்டார்கள், அந்த ஊரவர்தான் செய்ய வேணும். தம்பி பொருநைக்கரை, உங்கட படிப்பகத்தில் பழைய ஊர்க் கோயில் மலர்கள் இருந்தால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

லேப்டாப்பைப் பற்றியும் ஒன்று. 2022-இல் இங்கே நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. அப்போது எங்களைத் தாங்கியது பழைய லேப்டாப்புகள்தான்.

நூலகப்படி

எல்லோரும் மென்பொருளுக்குப் போய்விட்டீர்கள், இது ஆடிட்டர் அலுவலகத்துக் கணினி என்பதை யாரும் கவனிக்கவில்லையா? அந்த ஹார்ட் டிஸ்க்குகளில் ஊர்க்காரர்களின் பான் எண், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கடவுச்சொல், சொத்துப் பத்திர நகல், டேலி கணக்கு எல்லாம் இருக்கும். விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டால் அது போய்விடாது. ஃபார்மட் செய்தாலும் மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படிப்பகத்துக்கு வரும் பையன் ஒருவன் ஆர்வத்தில் மீட்டுப் பார்த்தால் பக்கத்துத் தெருக்காரருடைய கடன் விவரம் அவன் கையில் இருக்கும்.

முதலில் சித்தப்பாவை உட்காரவைத்து எது வேண்டும் என்று கேட்டு டேலி டேட்டாவைத் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்துக் கொடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் யாராவது திரும்பி வந்து கேட்பார்கள். அப்புறம் டிஸ்க்கை அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ்-ஐப் பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுக்க ஒரு தடவை எழுதி அழியுங்கள். சுழலும் டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும், ஏழு தடவை என்பதெல்லாம் பழைய காலப் பேச்சு. ஓடாத டிஸ்க்காக இருந்தால் கழற்றி உள்ளே இருக்கும் தட்டைத் துளை போட்டுவிடுங்கள். கட்டளைவரி, டிஸ்க்கைக் கழற்றி நகலுக்கு வைக்கச் சொன்னீர்கள், அதற்கு முன்னால் இது.

கட்டளைவரி

சரியான நேரத்தில் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான்.

பொருநைக்கரை

சித்தப்பாவிடம் பேசினேன். டேட்டா விஷயத்தைச் சொன்னதும் அவரே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், நானும் வருகிறேன், என் முன்னால் அழி என்றார். பழைய ஃபைல்களைப் பார்த்துப் பிரிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆஃபீஸ் உரிமம் ஒரு கணினிக்கு இருக்கிறதாம், பெட்டியோடு வைத்திருக்கிறார்.

டீச்சர் சொன்னபடி படிப்பகத்தில் முதலில் ஆளைக் கேட்டேன். பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்குப் படிக்கும் அக்கா ஒருவர் வாரம் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கிறேன் என்றிருக்கிறார். அதனால் இப்போதைக்கு இப்படி: ஐ3 ஒன்று சர்வர், ஒன்று மாற்று, ஒன்று சிஓஏ படிக்கிறவர்களுக்கு. கோர் 2 டுவோ மூன்று பிள்ளைகளுக்கு. எக்ஸ்பி பென்டியம் 4 பழைய தமிழ்க் கோப்புகளுக்கு, அதற்கு எல்சிடி மானிட்டர் ஒன்றை மாற்றிவிடுவேன். ஊர் அம்மன் கோயில் கொடை மலர்கள் ஒரு கட்டு படிப்பக அலமாரியில் இருக்கிறது, ஸ்கானர் கிடைத்தால் அதைத் தொடங்கலாம்.

அரசு லேப்டாப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. டிராக்பேட் பக்கம் லேசாக மேலே எழும்பியிருக்கிறது.

சிஆர்டி இரண்டையும், ஓடாத பென்டியம் 4-ஐயும் எங்கே கொடுப்பது?

ஈயப்பற்று

எழும்பியிருக்கிறதென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது தம்பி. இன்றைக்கே சார்ஜைப் பிடுங்குங்கள், போடாதீர்கள். கீழே கிளிப் போட்டுக் கழற்றும் பேட்டரி என்றால் மெதுவாகக் கழற்றுங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், குப்பைத்தொட்டியில் போடவே போடாதீர்கள். உள்ளே ஸ்குரூ போட்டிருந்தால் கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே லேப்டாப் ஓடும்.

சிஆர்டியையும் அந்தப் பேட்டரியையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், மின்கழிவு, பேட்டரிக்கழிவு விதிகளின்படி அவர்கள்தான் எடுக்க வேண்டும். இரண்டுக்காக உங்கள் ஊருக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், பேங்க் என்று கேட்டுச் சேர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஓடாத பென்டியம் 4-இல் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஃபேன், ஃபிளாப்பி டிரைவ் மூன்றையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள், ஓடுகிற எக்ஸ்பி கணினிக்கு அவை தேவைப்படும்.

கட்டளைவரி

பேட்டரியை எடுத்தபின் அந்த லேப்டாப்தான் உங்களுக்கு நாள் முழுக்க ஓடவிட மிக ஏற்ற கணினி. திரை மூடியிருந்தால் 15 வாட்டைத் தாண்டாது, இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றிவிட்டு, ஒரு வைஃபை ரவுட்டரோடு இணைத்து, கிவிக்ஸின் சர்வரை அதில் ஓடவிடுங்கள். படிப்பகத்துக்கு வரும் எல்லோருடைய போனிலும் டேட்டா இல்லாமலே விக்கிப்பீடியாவும் விக்சனரியும் வரும். கணினி முன்னால் இடம் கிடைக்காதவர்களுக்கு அது. சித்தப்பா அலுவலகத்தில் எச்பி லேசர்ஜெட் 1020 இருந்ததா? எங்கே பார்த்தாலும் இருக்கும் பிரிண்டர் அது. அதையும் இதிலேயே மாட்டினால் போனிலிருந்து ஹால் டிக்கெட் எடுக்கலாம். எச்பிலிப் என்கிற பிரிண்டர் டிரைவரோடு அதன் பிளக்கினையும் சேர்த்துப் போட மறக்காதீர்கள், அது இல்லாமல் அந்தப் பிரிண்டர் அசையாது.

பொருநைக்கரை

1020 இருக்கிறது! டோனர் தீர்ந்துவிட்டது என்று சித்தப்பா சொன்னார்.

ஈயப்பற்று

12ஏ டோனர்தான், ரீஃபில் செய்யலாம், தென்காசியிலேயே செய்துதருவார்கள். கெப்பாசிட்டர் உப்பிய அந்தக் கோர் 2 டுவோவை அப்படியே மூலையில் வையுங்கள், கொடுத்துவிடாதீர்கள். ராம், எஸ்எம்பிஎஸ், ஃபேன் எல்லாம் மற்ற மூன்றுக்கும் பொருந்தும்.